ஏழடி அகல வீடு

நவம்பர் 23

இன்றிலிருந்து இவரைக் கவனித்து எழுதி வைக்கப் போகிறேன். லண்டன் ஹரோவில் முதியோர் இல்லத்தில் பதினேழு வருடம் வேலை செய்தவள் நான். வேலை முடிந்து கிளம்பும்போது யார் சாப்பிட்டார், யார் தூங்கவில்லை, யாருக்கு எது மறந்தது என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் வருவேன். அது பிறத்தியாருக்கு. இது என் மனுசனுக்கு, தமிழில்.

காலையில் இவர் கேட்டார்: "பவளம், தண்ணித் தாங்கி நிரப்பியாச்சோ?"

"நேற்றுத்தானே ரெண்டு பேருமாய் நிரப்பினனாங்கள்."

"ஓமப்பா. மறந்து போனன்." சிரித்தார்.

பின்னேரம் அதே கேள்வியை அதே சொற்களில் மறுபடி கேட்டார். சிரிக்கவில்லை. நானும் "நிரப்பியாச்சு" என்று மட்டும் சொன்னேன். என் மாமியார் கடைசிக் காலத்தில் தான் பெற்ற பிள்ளைகளையே யாரென்று தெரியாமல் கிடந்தவர். இவருக்கு இப்போது அறுபத்தாறு வயது. குலசேகரம் என்றால் நிலையத்தின் பெயரைக் கேட்டதும் அடுத்த பத்து நிலையத்தின் பெயரையும் ஒப்பிக்கிற ஆள் என்று கூட்டாளிகள் சொல்வார்கள். லண்டனில் நிலத்தடி ரயில் ஓட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு, "இனி எனக்கு வானம் வேணும்" என்றார். வீட்டை விற்று இந்தப் படகை வாங்கினோம். நீளம் எவ்வளவோ, அகலம் ஏழடிதான். நடுவில் நின்று கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். இதுதான் எங்கள் வீடு.

இப்போது ஒக்ஸ்போர்ட் கால்வாயின் மேட்டுப் பகுதியில், வோம்லைட்டன் என்கிற சின்ன ஊருக்குப் பக்கத்தில் படகைக் கட்டியிருக்கிறோம். போகவேண்டிய திசையில் லொக்குகள், அதாவது படகை ஏற்றி இறக்குகிற நீர்க்கதவுகள், திருத்த வேலைக்காகப் பூட்டிக் கிடக்கின்றன. பெப்ரவரி வரை இங்கேதான். சுற்றிலும் ஆடு மேய்கிற வயல். வேறு படகு இல்லை. இவருக்கு இந்த அமைதி பிடிக்கிறது. எனக்கும் பிடித்திருந்தது.

நவம்பர் 27

குளிர் எலும்புக்குள் இறங்குகிறது. நிலக்கரி அடுப்பை இப்போது அணைப்பதே இல்லை. படுக்கப் போகும்போது காற்றுத் துவாரத்தைக் கொஞ்சமாகத் திறந்து வைத்தால் விடியும்வரை தணல் கிடக்கும்.

கூரையில் காளான் மாதிரி நாலு பித்தளை மூடிகள் உண்டு. அதற்குள்ளால் குளிர் கொட்டுகிறது என்று இவர் தான் இடுப்பில் கட்டுகிற பழைய சாரத்தைக் கிழித்து நாலையும் அடைத்தார். கதவின் கீழே உள்ள ஓட்டைகளுக்கு நான் பழைய பேப்பரைச் சுருட்டி வைத்தேன். உடனே வித்தியாசம் தெரிந்தது. உள்ளே சித்திரை மாத வெயில் மாதிரி ஒரு கதகதப்பு.

மத்தியானம் செத்தல் மிளகாய் தாளித்தபோது சுவரில் இருக்கிற இரண்டு வட்டப் பெட்டிகளில் ஒன்று கூக்குரலிடத் தொடங்கிவிட்டது. இவர் துவாயால் விசிறி விசிறி அதை அடக்கினார். "வெள்ளைக்காரன்ர பெட்டிக்கு எங்கட கறி பிடிக்கேல்லை," என்றார். நன்றாகச் சிரித்தோம்.

டிசம்பர் 2

தலையிடி. கண்ணாடி மாற்றவேண்டும் போல.

டிசம்பர் 6

இன்று ஒரு நல்ல நாள்.

தண்ணீர் நிரப்ப அடுத்த ஊரான ஃபென்னி கொம்ப்டன் வரை படகை ஓட்டிக்கொண்டு போனோம். நடக்கிற வேகம்தான். விடியற்காலையில் புறப்பட்டு, தண்ணீர் எடுத்து, பாம்பு மாதிரி நெளிகிற கால்வாயில் திரும்பி வரப் பின்னேரம் ஆகிவிட்டது. முழு நேரமும் இரண்டு பேரும் பின்தட்டில் வெளியே நின்றோம். கன்னம் விறைத்தது. ஆனால் இவர் பழைய குலசேகரம். சுக்கானைப் பிடித்துக்கொண்டு, பதினைந்து வருடத்துக்கு முன் பாலத்தடியில் ரயிலை மறித்த அன்னத்தின் கதையை ஒரு விவரம் பிசகாமல் சொன்னார். நிலக்கரி விற்கிற படகு எதிரே வந்தது. அதை ஓட்டுகிற மொரீன், "கடும் உறைபனி வருகிறது, இரட்டிப்பாய் வாங்கிவையுங்கள்" என்றாள். "புகைக்குழாயைக் கூட்டிச் சுத்தம் செய்தீர்களா?" என்றும் கேட்டாள். இவர் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். கூட்டவில்லை. நானும் காட்டிக் கொடுக்கவில்லை.

ஃபென்னி கொம்ப்டனில் குளிர்காலத்துக்குப் படகைக் கட்ட இடம் கிடைக்கவில்லை. பழைய இடத்துக்கே வந்துவிட்டோம்.

இந்த மறதி நோய் அப்படித்தான். ஒரு நாள் வெளிச்சம், மறுநாள் இருட்டு. இல்லத்தில் எத்தனை பேரில் பார்த்திருக்கிறேன். நல்ல நாளைக் கண்டு குடும்பத்தார் ஏமாந்துபோவார்கள். நான் ஏமாறப் போவதில்லை.

டிசம்பர் 10

சமைக்கவேயில்லை. மத்தியானம் சோற்றை ஆறிய பருப்போடு சாப்பிட்டோம். அப்படியிருந்தும் சுவர்ப் பெட்டி கத்தியது. முன்பு மிளகாய்க்குக் கத்திய பெட்டி அல்ல, மற்றது. நிறுத்த நிறுத்த மறுபடி மறுபடி. எனக்குத் தலையே பிளந்துவிடும் போலிருந்தது.

"மிளகாய்ப் புகை போய்ப் பழுதாக்கிப் போட்டுது," என்றார். இரண்டையும் கழற்றிப் பற்றரியை எடுத்துவிட்டுக் கரண்டி போடுகிற லாச்சிக்குள் வைத்தார். அப்பாடா என்று இருந்தது.

அதன் பிறகு கதிரையிலேயே தூங்கிப்போனார். நானும்.

டிசம்பர் 14

மகள் நிரோஜா லெஸ்டரிலிருந்து போன் எடுத்தாள். உள்ளே சிக்னல் இல்லை. வயல் மேட்டில் ஏறி நின்று பேசவேண்டும்.

"அம்மா, குரல் ஏன் இப்பிடிக் கிடக்கு? சுகமில்லையோ?"

"குளிர் பிள்ளை. வேறொண்டுமில்லை."

"அப்பா?"

"நல்லா இருக்கிறார்."

"நத்தார் லீவுக்கு இஞ்ச வாங்கோவன். நான் வந்து ஏத்திக்கொண்டு போறன். அந்தத் தகரப் பெட்டிக்குள்ள கிடந்து ஏன் நடுங்கிறீங்கள்?"

"உள்ளே நல்ல வெக்கை. நீ வந்து பார்."

"வந்து பார் எண்டு சொல்லுறீங்கள், வாறன் எண்டால் வேண்டாம் எண்டுறீங்கள்."

அவள் வந்தால் தகப்பனைப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும். படகு வாங்கிய நாளே, "உங்களுக்கு என்ன விசரோ?" என்று கேட்டவள். இவரைக் கொண்டுபோய் ஓர் இல்லத்தில் விடவேண்டும் என்பாள். அங்கே பின்னேரங்களில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். யன்னலோரம் வரிசையாகக் கதிரைகள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

மேட்டில் நிற்க நிற்க மனம் தெளிந்தது. பிள்ளையிடம் சொல்லிவிடலாமோ என்றுகூட நினைத்தேன். இறங்கி உள்ளே வந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

டிசம்பர் 19

கால்வாய் உறைந்துவிட்டது. படகு அசையவில்லை. முன்பெல்லாம் ஆள் நடந்தால் மெல்ல ஆடும். இப்போது கல்லில் கட்டிய வீடு மாதிரி நிற்கிறது.

இவர் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். "உப்புப் போட்டிருக்கிறீர்."

"சீனிதான் போட்டனான்."

"உப்பு பவளம்."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நாக்கில் ருசி மாறுவதும் இந்த நோயில் உண்டு. எழுதிக் கொள்கிறேன். என் தேத்தண்ணியை நான் குடிக்கவில்லை. குமட்டிச் சத்தி வரும்போல் இருந்தது.

டிசம்பர் 21

இன்று சமைக்கிற குசினிப் பக்கத்தில் தங்கச்சி கூப்பிட்டாள். "அக்கா" என்று தெளிவாக. அவள் செத்து ஒன்பது வருடம். பனிக்கட்டி வெடிக்கிற சத்தம் அப்படிக் கேட்கும் என்று நினைக்கிறேன். பயந்த மனதுக்கு எல்லாம் கேட்கும்.

இவர் கோபக்காரர் இல்லை. முப்பத்தெட்டு வருடத்தில் என்னைக் கடிந்து பேசியதை விரல்விட்டு எண்ணலாம். இன்று மூடியைச் சரியாகப் பூட்டவில்லை என்று போத்தலைத் தொட்டிக்குள் எறிந்தார்.

டிசம்பர் 23

பாண் வெட்டுகிற கத்தியைக் காணவில்லை. இவரிடம் கேட்டேன். "எனக்குத் தெரியாது" என்று முகத்தைத் திருப்பினார். பொய் சொல்கிறார். பொய் சொல்லும்போது காதைத் தொடுவார்.

ஏன் கத்தியை ஒளிக்கவேண்டும்?

டிசம்பர் 26

ஒழுங்காக எழுதவேண்டும்.

மத்தியானம் படுத்தேன். எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியாது. விழித்தபோது இவர் கட்டில் காலடியில் நின்றார். கையில் லொக் திறக்கிற இரும்புப் பிடி. ஒரே அடியில் மாட்டின் மண்டையைப் பிளக்கக்கூடிய பாரம். கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆரோ நடக்கினம்," என்றார்.

எனக்கும் கேட்டது. தலைக்கு மேலே நிதானமான காலடி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. பனியில் வழுக்காமல் யார் அங்கே நடக்க முடியும்? எனக்குக் கேட்டது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் இவர் வெளியே பாய்வார், அல்லது வேறு ஏதாவது செய்வார்.

"அதைக் கீழ வையுங்கோ," என்றேன்.

என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. கண்ணில் என்னை அடையாளம் கண்ட குறியே இல்லை.

"நீர் ஆர்?"

முப்பத்தெட்டு வருடம். இந்தக் கேள்வி ஒரு நாள் வரும் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு சீக்கிரம், கையில் இரும்போடு வரும் என்று நினைக்கவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கே என் பெயர் வரவில்லை. பயத்தில்தான். பயத்தில் அப்படி வரும்.

பிறகு அவராகவே பிடியைக் கீழே போட்டுவிட்டுப் போய் அடுப்படியில் குந்தினார். நான் கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஏழடி அகலத்தில் எங்கே ஒளிவது? வெளியே போவதென்றால் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும்.

டிசம்பர் 26

தலை தலை தலை. இன்று நடந்ததை எழுதினேனா? எழுதியிருக்கிறது. என் கையெழுத்தா இது.

டிசம்பர் 28

முடிவெடுத்துவிட்டேன். நாளை காலை இவர் நித்திரையில் இருக்கும்போது போவேன். மேட்டில் நின்று பேசினால் இவர் கண்டுவிடுவார், அதனால் ஃபென்னி கொம்ப்டனுக்கு நடந்து, அங்கிருந்து நிரோஜாவைக் கூப்பிடுவேன். அவள் வந்து தகப்பனைப் பார்க்கட்டும். பையில் பாஸ்போட், தாலிக்கொடி, இரண்டு உடுப்பு.

விட்டுவிட்டு ஓடுகிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது. உயிரோடு இருந்தால்தானே பார்க்கலாம்.

டிசம்பர் 30, பன்பரி, ஆஸ்பத்திரி

நேர்ஸிடம் பேனையும் தாளும் வாங்கி எழுதுகிறேன். கை இன்னும் நிதானத்துக்கு வரவில்லை. ஆனால் நேற்று நடந்த ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கிறது. இத்தனை நாளில் எதுவும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

விடிந்து வெளிச்சம் வந்தபின் எழும்பினேன். இவர் குறட்டை விட்டுத் தூங்கினார். மெதுவாக உடுத்தினேன். என்னதான் பயம் என்றாலும் இவர் குளிரில் விறைக்கக்கூடாது. அதனால் அடுப்பில் இன்னும் கொஞ்சம் நிலக்கரி போட்டு, பிள்ளை வருமட்டும் தணல் நிற்கட்டும் என்று காற்றுத் துவாரத்தை நன்றாக ஒடுக்கினேன். கதவை வெளியிலிருந்து இறுக்கிச் சாத்தினேன். இதை என் கையால்தான் செய்தேன்.

கரைப்பாதையில் கொஞ்சத் தூரத்திலேயே வேலியோரமாய்ச் சத்தி எடுத்தேன். கால் பின்னியது. ஒவ்வொரு வளைவிலும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பின்னாலே இரும்போடு வருகிறாரோ என்று. யாரும் வரவில்லை. சின்னக் குருவி ஒன்று மட்டும் பனிக்கட்டியில் தத்திக்கொண்டு போனது.

அந்தக் கால்வாய் நேரே போவதில்லை. மேட்டைச் சுற்றிச் சுற்றிப் போகும். ஒரு மணித்தியாலம் நடந்திருப்பேன். ஒரு வளைவைத் தாண்டினால் இடப்பக்கம், ஒரே ஒரு வயலுக்கு அப்பால், எங்கள் படகு நிற்கிறது. அத்தனை தூரம் நடந்தும் அதன் முதுகுப் பக்கத்துக்குத்தான் வந்திருக்கிறேன். பச்சை நிறம், கூரையில் எங்கள் சைக்கிள். புகைக்குழாயைப் பார்த்தேன். நான் போட்ட நிலக்கரிக்கு இந்நேரம் நன்றாகப் புகை வரவேண்டும். குழாய் வாயில் ஒரு நூல் அளவும் இல்லை.

அங்கே நின்றபடி மூச்சு வாங்கினேன். அப்போதுதான் தெரிந்தது, தலை இடிக்கவில்லை. எத்தனையோ கிழமைக்குப் பிறகு என் தலை என் தலையாக இருந்தது. தண்ணீர் எடுக்கப் போன நாளும் இப்படித்தான் இருந்தது. மேட்டில் நின்று பிள்ளையோடு பேசிய நாளும் இப்படித்தான். இவரும் தண்ணீர் எடுத்த அன்று முழுக்க வெளியே நின்றார், அன்று முழுக்க நல்ல மனுசனாய் இருந்தார். நோய்க்கு உள்ளும் வெளியும் தெரியாதே. நோய் கூடவே வருமே.

புகை வெளியே வரவில்லை என்றால் எங்கே போகிறது?

அதற்குப் பிறகு நான் நினைக்கவில்லை. பையை எறிந்துவிட்டு வயலுக்குள் இறங்கி ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேன், அறுபத்தொரு வயதுக்காரி உறைந்த வயலில் ஓடுவதை யார் ஓட்டம் என்பார்கள். இரண்டு தடவை விழுந்தேன். வேலிப் படலையைத் திறந்தது நினைவு, சாத்தியது நினைவில்லை. ஆடுகள் சிதறின. வாயில் ஒரே வார்த்தைதான். "ஐயோ, நான் பூட்டிப்போட்டு வந்தனே, நான் பூட்டிப்போட்டு வந்தனே."

முன்கதவைத் திறந்தபோது சூடு முகத்தில் அடித்தது. ஒரு மணமும் இல்லை. அதுதான் பயங்கரம். ஒன்றுமே இல்லாத நல்ல சூடான வீடு. இவர் அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே குப்புறக் கிடந்தார். என்னைத் தேடி எழும்பினாரோ, கதவைத் திறக்க வந்தாரோ. கன்னம் குழந்தையின் கன்னம் மாதிரி ரோசாவாய் இருந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் கக்கத்தில் கைபோட்டு இழுத்தேன். இல்லத்தில் ஆளைத் தூக்குவது எப்படி என்று பழகியவள்தான். ஆனால் அங்கே எப்போதும் இரண்டு பேர் தூக்குவோம். வெளியே வந்து மூச்செடுத்தேன், திரும்பப் போனேன், ஒரு முழம் இழுத்தேன். வெளியே, உள்ளே, இன்னொரு முழம். வாசல் படி வரை கொண்டுவந்தேன். படி ஏற்ற முடியவில்லை. தலையை மட்டும் வாசல் காற்றுக்கு உயர்த்தி என் மடியில் வைத்துக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. தமிழில்தான் கத்தியிருப்பேன்.

வயலுக்குச் சொந்தக்காரி ஹெலன், நாலு சக்கர மோட்டார் சைக்கிளில் என்னைத் திட்டத்தான் வந்தாளாம். படலையைத் திறந்துபோட்டு ஆட்டை எல்லாம் கலைத்துவிட்டேன் என்று. "ஏய், உனக்கென்ன..." என்று தொடங்கினவள் இவரைக் கண்டதும் குதித்திறங்கினாள். ஆளுக்கொரு தோளாகப் பிடித்து வெளியே கரையில், பனியில் கிடத்தினோம்.

"மூச்சு இருக்கிறதா?" என்று கேட்டேன்.

அவள் இவருடைய வாயருகே கன்னத்தை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். அவ்வளவு நேரம் என் வாழ்க்கையில் வேறு எதுவும் எடுத்ததில்லை.

"இருக்கிறது. கொஞ்சம்."

மேட்டுக்கு ஓடி அம்புலன்ஸைக் கூப்பிட்டதும் அவள்தான்.

இரண்டு பேருக்கும் முகமூடி போட்டு ஒட்சிசன் தந்தார்கள். டொக்டர் இளம்பெண். அடுப்பின் புகைக்குழாய் கரி பிடித்து அடைந்திருக்கவேண்டும், அதன் பொருத்து விலகியிருக்கவேண்டும், காற்றோட்டமும் இல்லை, உள்ளே தங்கிய கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை என்று விளக்கினார். மறதி, தலையிடி, கோபம், இல்லாத சத்தம் கேட்பது எல்லாம் அதனால் வரும் என்றார். சமைக்காத நாளில் கத்திய மற்றப் பெட்டி அந்த வாயுவைத்தான் அறிவித்ததாம். "உங்கள் இரத்தத்திலும் நிறைய இருக்கிறது," என்றும் சொன்னார்.

"எனக்கு ஒண்டுமில்லை, அவரைப் பாருங்கோ," என்றேன். டொக்டருக்கு விளங்கவில்லை. தமிழில் சொல்லியிருக்கிறேன்.

இவர் இன்னும் கண் விழிக்கவில்லை.

டிசம்பர் 31

விழிக்கவில்லை. நிரோஜா வந்துவிட்டாள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், பிறகு ஏசினாள், பிறகு அழுதாள்.

ஜனவரி 1

மத்தியானம் கண் திறந்தார். நிரோஜாவை "பிள்ளை" என்றார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். நான் யார் என்று தேடுகிறாரோ.

ஜனவரி 2

நிரோஜா கோப்பி வாங்கப் போன நேரம் பேசினார். குரல் கரகரத்தது.

ஹெலன் வயலில் கிடந்த என் பையைக் கொண்டுவந்து தந்திருந்தாள். அது கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. இவர் அதையே பார்த்தார்.

"பாஸ்போட்டும் எடுத்துக்கொண்டே போனனீர்?"

"ஓம்."

"என்னைக் கண்டு பயந்தோ?"

"ஓம்," என்றேன். இனி என்ன மறைக்க இருக்கிறது. "அண்டைக்கு இரும்போட நிண்டு, நீர் ஆர் எண்டு கேட்டனீங்கள்."

நெற்றியைச் சுருக்கினார். "நானோ? நீர்தான் கேட்டனீர்."

"நான் கேக்கேல்லை."

"கூரையில ஆள் நடக்கிற சத்தம் கேட்டுது. உமக்கு ஒண்டும் நடக்கக்கூடாது எண்டுதான் பிடியை எடுத்தனான். நீர் எழும்பி என்னைப் பாத்து, 'நீங்கள் ஆர்' எண்டு கேட்டனீர். பிடியைக் கீழ போட்டிட்டுப் போய் அடுப்படியில குந்தினன்."

நான் கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"உமக்கு என்ர அம்மாவின்ர மறதி வருத்தம் வந்திட்டுது எண்டு நினைச்சன் பவளம். தேத்தண்ணிக்குள்ள உப்பு. செத்துப்போன தங்கச்சியோட கதை. அலுமாரியைத் திறக்கிறதும் பூட்டுறதும், திறக்கிறதும் பூட்டுறதும். நீர் ஏதும் செய்துகொள்ளுவீர் எண்டு கத்தியைக்கூட நிலக்கரிச் சாக்குக்குள்ள ஒளிச்சு வைச்சனான். பிள்ளைக்குச் சொல்லேல்லை. சொன்னால் உம்மைக் கொண்டுபோய் எங்கையாவது விட்டிடுவாள் எண்டு பயம்."

அலுமாரியைத் திறந்து பூட்டியது எனக்கு நினைவில்லை. தங்கச்சியோடு பேசியதும் நினைவில்லை. அவள் கூப்பிட்டது மட்டும்தான் நினைவு. யார் யாரைக் கேட்டது என்று இனி யாரிடம் போய்க் கேட்பது? அங்கே வேறு யாரும் இருக்கவில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றேன்.

"நீர் சொன்னனீரோ?"

நிரோஜா கோப்பியோடு வந்தபோது இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தோம். "என்ன நடந்தது? என்ன?" என்று பதறினாள். இரண்டு பேராலும் சொல்ல முடியவில்லை.

பெப்ரவரி 11, லெஸ்டர்

நிரோஜா வீட்டில் இருக்கிறோம். இன்று இரண்டு பேருக்கும் நினைவுச் சோதனை. தாளில் மணிக்கூடு கீறச் சொன்னார்கள், ஐந்து சொற்களைச் சொல்லிப் பிறகு கேட்டார்கள். எத்தனையோ கிழவர்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்த சோதனை. கதிரையில் உட்கார்ந்திருக்கும்போது அது வேறு மாதிரி இருக்கிறது.

எனக்குக் குறையில்லை. இவருக்கு இரண்டு சொல் வரவில்லை. வாயுவின் மிச்சமாக இருக்கலாம், ஆறலாம், ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்போம் என்றார்கள். வேறாகவும் இருக்கலாமா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார்கள்.

காரில் இவரிடம் அப்படியே சொன்னேன், ஒன்றையும் குறைக்காமல். "சரி," என்றார். கொஞ்சத் தூரம் போனபின், "அந்த ரெண்டு சொல்லு என்னவாம்?" என்று கேட்டார்.

பெப்ரவரி 20

படகை விற்கச் சொல்லி நிரோஜா ஒற்றைக்காலில் நிற்கிறாள். எனக்கும் அந்த எண்ணம்தான். போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்றார் இவர், இன்று போனோம். அடுப்பையும் குழாயையும் முழுதாக மாற்றி, அடைத்ததை எல்லாம் பிடுங்கி எறிந்தாயிற்று. உள்ளே கால் வைக்க என்னால் முடியவில்லை. வாசலில் நின்றேன். இவர் உள்ளே போய் எல்லா யன்னலையும் திறந்தார். "வாரும்" என்று கூப்பிடவில்லை. தானும் வெளியே வந்து என் பக்கத்தில், குளிரில், கரையில் குந்தியிருந்தார். பிறகு நானாகத்தான் போனேன். இரண்டு நிமிடம் இருந்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 4

லொக்குகள் திறந்துவிட்டன. விற்காமல் இன்னும் ஒரு வருடம் ஓட்டிப் பார்ப்பது, குளிர்காலத்தில் லெஸ்டருக்குப் போய்விடுவது, இதுதான் பிள்ளையோடு செய்த ஒப்பந்தம்.

காலையில் கயிற்றை அவிழ்த்தோம். இவருடைய கை இன்னும் கொஞ்சம் நடுங்குகிறது, அதனால் சுக்கான் என்னிடம். ஓட்டிப் பழக்கமில்லை. முதல் வளைவிலேயே மூக்கைக் கரையில் கொண்டுபோய் முட்டினேன். இவர் நீளத் தடியால் தள்ளி விட்டார், ஏசவில்லை. ஹெலன் வயலில் நின்று கையசைத்தாள். அவளைச் சுற்றி முழங்கால் உயர ஆட்டுக்குட்டிகள்.

முதல் லொக் வந்தது. கறுத்த ஈரச் சுவர், பள்ளத்தில் தண்ணீர் இறங்குகிற இரைச்சல். இந்த நீளப் படகை அந்தச் சின்ன வாய்க்குள் நான் செலுத்தவேண்டும். இவர் கரையில் இறங்கி, கதவைத் திறக்கப் போகுமுன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பயமாக் கிடக்கோ?"

"ஓம்," என்றேன்.

"எனக்கும்தான்," என்றார். பிறகு கதவின் நீள மரக்கையில் முதுகைக் கொடுத்துத் தள்ளத் தொடங்கினார். நான் படகை மெல்ல உள்ளே விட்டேன்.